கிரிப்டிக் குறுக்கெழுத்து: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு காப்பிக்கடையில் ஞாயிறு காலை ஐந்தாறு பேர் கூடி கிரிப்டிக் குறுக்கெழுத்துப் போடுகிறோம். முதலில் ஆங்கிலப் பத்திரிகைக் கட்டம் ஒன்று. அது முடிந்ததும் நாங்களே எழுதிவரும் தமிழ்க் குறிப்புகள். புதிதாக வருபவர்களும் பக்கத்து மேசைக்காரர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இங்கே போட்டிருக்கிறேன். உதாரணக் குறிப்புகள் எல்லாம் எங்கள் மேசையில் பிறந்தவை. அடைப்புக்குள் உள்ள எண், விடையில் எத்தனை எழுத்து என்பதைச் சொல்லும்.

"குறுக்கெழுத்துதானே? வார இதழ்ல வருமே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

வார இதழில் "மீனாட்சி அம்மன் கோயில் உள்ள ஊர்" என்று கேட்பார்கள். மதுரை என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது. கிரிப்டிக்கில் அதே ஊரை இப்படிக் கேட்போம்: நமது ரைஸ் குக்கருக்குள் மீனாட்சி ஆளும் ஊர் (3). இடைவெளியை மறந்துவிட்டு "நமது ரைஸ்" என்பதை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்: ந, ம, து, ரை, ஸ். நடுவில் மதுரை உட்கார்ந்திருக்கிறது. "குக்கருக்குள்" என்பது உள்ளே தேடு என்று காட்டும் சாடை.

ஆக, ஒரே குறிப்பில் விடைக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பொருள் வழி, மற்றது எழுத்து வழி. இரண்டும் ஒரே சொல்லில் வந்து முடிந்தால் அதுதான் விடை. சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள மறுநாள் பத்திரிகைக்குக் காத்திருக்க வேண்டாம். இன்னொரு சின்ன வித்தியாசம்: நம் இதழ்களில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் எழுதச் சொல்வார்கள். பிரிட்டிஷ் பாணிக் கட்டத்தில் இடமிருந்து வலமும் மேலிருந்து கீழும் மட்டும்தான்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு. நமக்கு எதுக்கு?"

கட்டம் அவர்களுடையதுதான். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் போட்டதைத்தான் முதல் குறுக்கெழுத்து என்கிறார்கள். அது அமெரிக்காவில் பிறந்தது, வைர வடிவம், நேரடிக் குறிப்புகள். பிரிட்டனுக்குப் போனபிறகுதான் அதில் குசும்பு ஏறியது. 1926இல் அப்சர்வர் வார இதழில் எட்வர்ட் பொவிஸ் மேதர்ஸ், டார்குமாடா என்ற புனைபெயரில் மறைகுறிப்புகளாகவே எழுத ஆரம்பித்தார். லண்டன் டைம்ஸ் 1930 பிப்ரவரி 1 அன்றுதான் குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்தது.

ஆனால் குறிப்பு எழுதும் மூளை நம்மிடம் ரொம்பப் பழையது. ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும் "எட்டேகால் லட்சணமே" ஞாபகம் இருக்கிறதா? தமிழ் எண்ணில் எட்டு அ, கால் வ. இரண்டையும் சேர்த்தால் அவலட்சணமே. இதைவிடச் சுத்தமான கிரிப்டிக் குறிப்பு எங்கே கிடைக்கும்? பழைய அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் சித்திரக்கவிகளில், அதாவது எழுத்தை வைத்து விளையாடும் பாடல்களில், வினாவுத்தரம் என்று ஒரு வகை உண்டு. பூமகள் யார் என்றால் திரு. போகிறவனை ஏவும் சொல் ஏகு. போரில் விடும் சரம் அம்பு. அழகுக்குப் பெயர் அம். நான்கையும் கோத்தால் சிவன் இருக்கும் திருவேகம்பம். இன்றைய பத்திரிகையில் துண்டுகளைக் கோக்கும் குறிப்பு வருகிறதே, அது இதுவேதான். சொற்களை ஒளித்து வைக்கும் கரந்துறைச் செய்யுளும் ஒவ்வோர் எழுத்தாகக் குறைத்துக்கொண்டே போகும் அக்கரச்சுதகமும் அதே பட்டியலில் இருக்கின்றன. யாருடைய விளையாட்டு என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

"குறிப்பைப் படிச்சா தலையும் புரியல, வாலும் புரியல. எங்கே ஆரம்பிக்கிறது?"

தலையிலோ வாலிலோதான் ஆரம்பிக்க வேண்டும். விடையின் நேரடிப் பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும் அல்லது முடிவில் இருக்கும். நடுவில் இருக்காது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

சிரமே, தள்ளிப் போ! ஆட்சி நடக்கும் ஊர் (5). வாக்கியமாகப் படித்தால் யாரோ யாரையோ அதட்டுகிற மாதிரி இருக்கும். அந்தக் காட்சியை மறந்துவிடுங்கள். அது உங்களைத் திசைதிருப்பப் போட்ட வேஷம். வால் பக்கம் "ஆட்சி நடக்கும் ஊர்". மிச்சத்தில் சிரம் என்றால் தலை, தள்ளிப் போ என்றால் நகர். தலைநகர். இந்த மாதிரி எங்கே வெட்டுவது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. காற்புள்ளி, வியப்புக்குறி எதையும் நம்பாதீர்கள். பெரும்பாலும் அவை தப்பான இடத்தில் வெட்டவைக்கத்தான் போடப்படும்.

"மொத்தம் எத்தனை வகை? எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?"

மனப்பாடம் வேண்டாம். ஏழெட்டு வகைதான், போடப் போடப் பழகிவிடும். ஒளிந்திருப்பதையும் துண்டுகளைக் கோப்பதையும் மேலே பார்த்தாயிற்று. மற்றவற்றுக்கு ஒவ்வொரு குறிப்பு பார்ப்போம்.

எழுத்தைக் கலைப்பது: சிதைந்த கனவாம், சாலையில் ஓடும் (4). "கனவாம்" என்ற எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் வாகனம். வாகன உரிமைச் சான்றிதழுக்கு ஏலம் கேட்டு, சில நேரம் 100,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் கொடுத்து, பத்து வருஷம் மட்டும் ஓட்டிக்கொள்கிற ஊரில் இந்தக் குறிப்புக்கு விளக்கமே தேவையில்லை. திருப்புவது: விசா திரும்பி வந்தால் பூட்டைத் திறக்கும் (2). விசாவைப் பின்னாலிருந்து படித்தால் சாவி. வெட்டுவது: தலைபோகிற கவலை, மீனவர் வீசுவது (2). கவலையின் தலை போனால் வலை. ஒன்றுக்குள் ஒன்றை வைப்பது: வெற்றிப் பூவுக்குள் டப்பாவின் மூடி, வீட்டுக்காரர் கேட்பது (3). வெற்றிப் பூ வாகை. டப்பாவின் மூடி அதன் முதல் எழுத்தான ட. வாகைக்குள் ட போனால் வாடகை.

இரட்டைப் பொருள்: நிலா, வாரயிறுதி முடிந்ததும் வரும் (4). திங்கள். இதில் எழுத்து வேலையே கிடையாது, இரண்டு பக்கமும் பொருள்தான். பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடிய காளமேகத்தின் ஊர்க்காரர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. கடைசியாக, காதில் விழுவது என்று ஒரு வகை உண்டு. அதில் சண்டை அதிகம் என்பதால் தனியாகக் கீழே வருகிறேன்.

"கலைக்கணுமா திருப்பணுமான்னு எப்படித் தெரியும்? அவங்க சொல்ல மாட்டேங்கறாங்களே?"

சொல்லத்தான் செய்கிறார்கள், சாடையாக. சிதைந்த, குழம்பிய, கலங்கிய, உடைந்த, தாறுமாறான, தடுமாறும், ஆடிய போன்ற சொல் வந்தால் கலைப்பதைப் பற்றி யோசியுங்கள். திரும்பி, தலைகீழாக, மறுபக்கம் என்றால் திருப்பல். உள்ளே, இடையில், விழுங்கிய, அணைத்த என்றால் ஒன்றுக்குள் ஒன்று. தலை, முகப்பு, ஆரம்பம், மூடி என்றால் முதல் எழுத்து. கடை, வால், முடிவு என்றால் கடைசி எழுத்து.

இதில் "கடை" ஒரு பொல்லாத சொல். முஸ்தபா கடையில் குளிர்காற்று, சிறுமிகள் உடுத்துவது (3). சையது ஆல்வி ரோட்டில் ஏர்கான் ஓடும் கடைக்குள் மனசு போய்விடும். போகக் கூடாது. முஸ்தபா என்ற சொல்லின் கடை எழுத்து பா, குளிர்காற்று வாடை. பாவாடை.

ஆங்கிலத்தில் இதே பொல்லாத்தனத்துக்குப் பெயர்போன இரண்டு சொற்கள் உண்டு. "ஃப்ளவர்" என்று வந்தால் பூவாக இருக்கலாம். ஓடுவது என்ற பொருளில் ஆறாகவும் இருக்கலாம், தேம்ஸோ நைலோ. "நம்பர்" என்று வந்தால் எண்ணாக இருக்கலாம், அல்லது மரத்துப்போக வைக்கும் மருந்தாக இருக்கலாம். ஒரு சொல்லை வேறு மாதிரி அசைபிரித்துப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் இவை வழிக்கு வந்துவிடும்.

"ஏபி, ஆர்ஏ, ஆர்இ... இந்தச் சுருக்கமெல்லாம் யாருக்குத் தெரியும்?"

பிஐஇயில் ஜாம், ஏஒய்இயில் போ, ஈஆர்பிக்குக் காசு இருக்கா பார், எச்டிபி, சிபிஎஃப், எம்ஆர்டி என்று சாலை, வீடு, ரயில் எல்லாவற்றையும் சுருக்கியே நாள் முழுக்கப் பேசுகிறவர்கள் கேட்கிற கேள்வியா இது?

ஆங்கிலப் புதிரில் சுருக்கங்கள் சில இடங்களிலிருந்துதான் வருகின்றன. ராணுவம், கடற்படை: மாலுமி என்றால் ஏபி அல்லது டார், பீரங்கிப் படை ஆர்ஏ, பொறியாளர் படை ஆர்இ. ரோமன் எண்கள். சதுரங்கக் காய்கள், அதில் குதிரை மட்டும் என். கிரிக்கெட் நமக்குச் சொந்த வீடு: பக்கம் என்றால் லெக் அல்லது ஆன், மெய்டன் என்றால் எம், டக் என்றால் ஓ, அணி என்றால் ரோமன் பதினொன்றான எக்ஸ்ஐ. அரசி என்றால் இஆர் என்று பல காலம் கண்ணை மூடிக்கொண்டு எழுதினோம். 2022 செப்டம்பரில் எலிசபெத் மறைந்த பிறகு அதற்கு "முன்னாள்" என்று ஒட்டுகிறார்கள்.

தமிழில் எழுதும்போது எங்களுக்குச் சுருக்கங்கள் குறைவு, ஆனால் அருமையானவை. ஸ்வரம் என்றால் ச, ரி, க, ம, ப, த, நி ஏழில் ஒன்று. ஒன்று என்றால் க, இரண்டு உ, ஏழு எ, எட்டு அ, பத்து ய. எட்டேகாலை மறுபடி போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"தமிழ்ல எழுத்தை எப்படி எண்ணுறது? கா-வை க, ஆ-ன்னு பிரிச்சுக்கலாமா?"

பிரிக்கக் கூடாது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. க, கா, கி, க் எல்லாம் தனித்தனி எழுத்து, புள்ளி வைத்த மெய்க்கும் ஒரு முழுக் கட்டம். கலைக்கும்போதும் அதே கணக்கு. கனவாம் வாகனம் ஆனதைப் பாருங்கள்: வா அப்படியே வா-வாகத்தான் இடம் மாறியது. துணைக்காலை எடுத்து வேறு எழுத்துக்கு மாட்டினால் ஆட்டம் கலைந்துவிடும்.

தகராறு புணர்ச்சியில் வரும். இழையும் வீடும் சேர்ந்தால் இரவல் கிடைக்கும் (4). நூலும் அகமும் சேர்ந்து நூலகம். ல் என்ற மெய்யும் அ என்ற உயிரும் ஒன்றாகி ல ஆகிவிட்டன. இது நியாயமா என்று எங்கள் மேசையில் இரண்டு கட்சி உண்டு. நான் நியாயம் என்கிற கட்சி. திருவும் ஏகுவும் சேர்ந்தபோது நடுவில் வ் வந்து உட்கார்ந்ததைத் தண்டியலங்காரமே ஒத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் புதியவர்களுக்கு எழுதும் குறிப்பில் நான் இதைத் தவிர்த்துவிடுவேன்.

"பேனாவா, பென்சிலா? எந்தக் கட்டத்துல இருந்து தொடங்கணும்?"

பென்சில். முதல் குறிப்பில் தொடங்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. எல்லாக் குறிப்புகளையும் ஒரு சுற்றுப் படித்து, கலைக்கும் குறிப்பும் ஒளிந்திருக்கும் குறிப்பும் எங்கே என்று பாருங்கள். அவற்றின் எழுத்துகள் கண்முன்னாலேயே இருப்பதால் அவைதான் சீக்கிரம் விழும். பிறகு அவற்றைக் குறுக்கே வெட்டுகிற விடைகளுக்குப் போங்கள்.

"எந்தப் பத்திரிகைல போட்டுப் பழகலாம்?"

லண்டன் கார்டியன் நாளிதழில் திங்கட்கிழமைப் புதிர் வாரத்திலேயே லேசானது. டைம்ஸ் 2014 முதல் புதியவர்களுக்காகச் சின்னக் கட்டம் ஒன்று தனியாகப் போடுகிறது. சென்னையிலிருந்து வந்தவர்கள் பலருக்கு ஹிந்துவின் தினசரிக் கட்டம்தான் பள்ளிக்கூடம். எங்கள் மேசையிலேயே ஓர் அண்ணன், ஊரிலிருந்து வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அதைப் போடாமல் பல்கூடத் துலக்க மாட்டார். தேசிய நூலக வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் பல நாட்டுப் பத்திரிகைகளை மின்வடிவில் இலவசமாகப் படிக்கலாம், தேடிப் பாருங்கள்.

என் யோசனை: ஒரே பத்திரிகையை ஒரு மாதம் விடாமல் போடுங்கள். நாளுக்கொரு பத்திரிகை என்று தாவினால் யார் எப்படி ஏமாற்றுவார் என்பது பிடிபடாது.

"நான் சொன்ன விடை கட்டத்துல பொருந்துதே, ஏன் ஒத்துக்க மாட்டேங்கறீங்க?"

எங்கள் மேசையில் அதிகம் கேட்கும் குரல் இதுதான். கட்டத்தில் பொருந்துவது போதாது, குறிப்பில் பொருந்த வேண்டும். போன மாதம் மீனவர் குறிப்பு மேசைக்கு வந்தது: தலைபோகிற கவலை, மீனவர் வீசுவது (2). புதிதாக வந்த ஒரு தம்பி உடனே "வலை" என்றார். சரிதான். ஏன் என்று கேட்டோம். "மீனவர் வீசுவது வலைதானே அங்கிள்?" என்றார். "அப்போ கவலை எதுக்கு இருக்கு? தலை எங்கே போச்சு?" என்று பக்கத்தில் இருந்த அக்கா கேட்டார். தம்பி குறிப்பை மறுபடி பார்த்தார். உதடு அசைந்தது. அப்புறம் முகம் மலர்ந்தது பாருங்கள், அதற்காகத்தான் நாங்கள் கூடுகிறோம்.

குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். உங்கள் விடைக்குப் பிறகும் ஒரு சொல் சும்மா நின்றால் ஒன்று விடை தப்பு, இல்லை நீங்கள் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறீர்கள். விடை மட்டும் வந்து காரணம் வராவிட்டால் பென்சிலில் லேசாக எழுதிப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நாங்கள் பேசுவது பெரும்பாலும் அந்தப் புள்ளிகளைப் பற்றித்தான்.

"ஒருத்தர் யோசிச்சிட்டு இருக்கும்போதே இன்னொருத்தர் பட்டுன்னு விடையைப் போட்டு உடைச்சிடுறாரு. என்ன செய்யறது?"

அவருக்கு அடுத்த காப்பிக்கான காசைக் கட்டச் சொல்லுங்கள். எங்களிடம் அதுதான் வழக்கம், பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங் ஆனாலும் சரி.

உதவி கேட்டால் படிப்படியாகக் கொடுக்க வேண்டும். வாகனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் "பொருள் வால் பக்கம் இருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் விடுங்கள். பிறகு "சிதைந்த என்பதைச் சும்மா விடாதீங்க". அதற்கும் வரவில்லையென்றால் "நாலு எழுத்து எங்கே சேர்ந்தாற்போல இருக்கு பாருங்க". இவ்வளவுக்குப் பிறகும் வராத ஆளை நான் பார்த்ததில்லை. முதல் எழுத்தைச் சொல்வது கடைசிப் படி. கணவன் மனைவியாக வருபவர்களுக்கு இந்த விதி செல்லாது, அவர்கள் பாடு.

"அகராதி பார்க்கிறது, போன்ல தேடுறது எல்லாம் கள்ளாட்டமா?"

அகராதி பார்ப்பது கள்ளாட்டம் இல்லை. இங்கிலாந்துச் சிற்றூர்ப் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும்? தேடித்தான் ஆக வேண்டும். முழு விடையையும் எடுத்துக் கட்டத்தை நிரப்புவது வேறு. அதுகூடத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆரம்பத்தில் விடையைப் பார்த்துவிட்டு அது ஏன் விடை என்று பின்னோக்கி யோசிப்பது நல்ல பயிற்சி. ஆனால் பார்த்துவிட்டு வந்து மேசையில் யோசிப்பதுபோல நடிப்பவர்களை எங்களுக்குத் தெரியும்.

"ழ-வும் ள-வும் ஒண்ணாத்தானே கேக்குது? அதை வச்சுக் குறிப்பு எழுதலாமா?"

பாதி என்று காதில் விழுந்தது, வாடகைக்குக் கிடைக்கும் (2). அரை என்பது அறை என்றும் கேட்கும். இன்றைய பேச்சில் பெரும்பாலோர் ர, ற இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள் என்பதால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ழ, ள விஷயம் அப்படி இல்லை. கிழியையும் கிளியையும் ஒன்றாக்கினால் எங்கள் மேசையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுந்து போய்விடுவார். நான் அவர் பக்கம். ஒலியை வைத்து எழுதினால் "சிலர் வாயில்" என்றாவது ஒரு சாடை போட வேண்டும்.

ஆங்கிலப் புதிரிலும் இதே வம்பு உண்டு. லண்டன்காரர் வாயில் சாஸும் சோர்ஸும் ஒரே ஒலி, நடுவில் உள்ள ர் கேட்காது. ர்-ஐ அழுத்திச் சொல்லும் நமக்கு இரண்டும் வேறு. காதில் விழும் குறிப்பு வந்தால் பிபிசி செய்தி வாசிப்பவர் எப்படிச் சொல்வார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"சில குறிப்பு சுத்த அநியாயமா இருக்கே. எப்போ திட்டலாம்?"

கஷ்டமாக இருப்பது வேறு, அநியாயமாக இருப்பது வேறு. அஃப்ரிட் என்ற பெயரில் புதிர் எழுதிய ஏ. எஃப். ரிட்சி 1949இலேயே இதற்கு ஒரு கோடு போட்டார். அவர் சொன்னதன் சாரம்: குறிப்பு எழுதுகிறவர் சொல்வதையெல்லாம் மனசில் நினைக்க வேண்டும் என்றில்லை, ஆனால் நினைப்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதாவது திசைதிருப்பலாம், பொய் சொல்லக் கூடாது.

ஓர் அநியாயம் காட்டுகிறேன். வாகனக் குறிப்பையே "சிதைந்த சொப்பனமாம், சாலையில் ஓடும்" என்று எழுதினால்? சொப்பனம் கனவு என்று முதலில் நீங்கள் ஊகிக்க வேண்டும், பிறகு கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்துகளைக் கலைக்க வேண்டும். எழுத்தைக் கலைக்கச் சொன்னால் எழுத்தைக் கண்முன் வைக்க வேண்டும். இதைச் செய்பவரைத் தாராளமாகத் திட்டலாம். வாடகைக் குறிப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டப்பாவின் மூடி மேலே இருக்கும், ஆகவே அந்தக் குறிப்பு மேலிருந்து கீழ் எழுதும் விடைக்குத்தான் முழுப் பொருத்தம். இடமிருந்து வலத்தில் அதைப் போட்டால் நான் புருவம் தூக்குவேன், சண்டைக்குப் போக மாட்டேன்.

"யாருங்க இதெல்லாம் எழுதுறது? பேரெல்லாம் விநோதமா இருக்கே?"

பல பத்திரிகைகளில் புனைபெயர்தான். டார்குமாடா ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திய கொடூரரின் பெயர். அவருக்குப் பின் அப்சர்வரில் வந்த டெரிக் மக்நட் வைத்துக்கொண்ட ஸிமெனீஸும் இன்னொரு விசாரணையாளர் பெயரே. வாசகரைச் சித்திரவதை செய்கிறோம் என்று அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரி.

கார்டியனில் அரோகேரியா என்ற பெயரில் எழுதிய ஜான் கிரஹாம் ஒரு பாதிரியார். விதிகளைக் கொஞ்சம் நெகிழ்த்துவார், ஆனால் வாசகர்கள் அவர்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். தனக்குப் புற்றுநோய் வந்ததை 2013 ஜனவரியில் அவர் வாசகர்களுக்குச் சொன்னது ஒரு குறுக்கெழுத்து வழியாகத்தான். புதிரின் முகப்பில் ஒரு வாக்கியம், நடுநடுவே குறிப்பு எண்கள். விடைகளைக் கண்டுபிடித்து அந்த இடங்களில் வைத்தால்தான் நோயின் பெயரும் சிகிச்சையும் தெரியும். அதே வருஷ நவம்பரில் காலமானார்.

"மொத்தக் குறிப்புமே பொருளா இருக்கே. எங்கே வெட்டுறது?"

தலையிலோ வாலிலோ வெட்டு என்று மேலே சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு. குறிப்பு முழுவதும் ஒருமுறை பொருளாகவும் இன்னொருமுறை எழுத்து வேலையாகவும் படிக்கப்படும். எழுதுவது ரொம்பக் கஷ்டம், அமைந்துவிட்டால் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கலாம்.

கம்பன் தலையில் விதை போட்டால் முளைப்பது (3). கம்பன் தலை க. பின்னால் விதையைப் போடுங்கள். கவிதை. கம்பன் தலையில் வேறு என்ன முளைக்கும்? இதில் வெட்டுவதற்கு இடமே இல்லை. இப்படிப்பட்ட குறிப்பின் முடிவில் சிலர் வியப்புக்குறி போட்டுச் சாடை காட்டுவார்கள். போட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

"இதனால என்ன பிரயோஜனம்?"

1942 ஜனவரியில் லண்டன் டெய்லி டெலிகிராஃப் ஒரு போட்டி வைத்தது: பன்னிரண்டு நிமிஷத்துக்குள் குறுக்கெழுத்தை முடிக்க வேண்டும். அதில் தேறிய சிலரைப் பிறகு அரசாங்கம் கூப்பிட்டு, ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைக்கும் பிளெட்ச்லி பார்க் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. உங்களையும் என்னையும் யாரும் கூப்பிடப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போனை யாரும் தொடுவதில்லை, அது போதும் எனக்கு.

"நானே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு வரலாமா?"

வாங்க. விடையிலிருந்து தொடங்குங்கள், குறிப்பிலிருந்து தொடங்காதீர்கள். தேநீர் என்று வைத்துக்கொள்வோம். உடைத்துப் பார்த்தால் தே, நீர். நீரைத் தண்ணீர் என்று எடுத்தால் சோம்பேறித்தனம், தேநீரில் இருக்கும் நீரும் அதே நீர்தான். வேறு பொருள் தேட வேண்டும். நீர் என்றால் நீவிர், மரியாதையாக ஒருவரை அழைப்பது. அது நல்லது. இனி தே வேண்டும். தேவன் தலை, தேங்காய் மூடி, தேர் முகப்பு என்று பல வழி. நம் ஊர் வாசனை வேண்டுமென்றால் லிட்டில் இந்தியாவின் தேக்கா இருக்கிறது.

தேக்கா முகப்பில் நீவிர் அருந்துவது (3). "அருந்துவது" மட்டும் பொருள், மிச்சம் எழுத்து வேலை. எழுதியதும் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, இது எதற்கு இருக்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லாத சொல்லை அடித்துவிடுங்கள். பிறகு விடை தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அவர் தேக்கா மார்க்கெட் வாசலில் என்னென்ன விற்கிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தால், குறிப்பு வேலை செய்கிறது.